வெட்டுவாயைப் பார்த்துக் கத்தி அடிப்பது

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் ஒவ்வொரு தேயிலை மலையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். கொழுந்து பறித்துப் பறித்து உயர்ந்துபோன செடியை முழங்கால் அளவுக்குக் குறைக்கிற வேலை. பெரும்பாலும் ஆண்கள் செய்வது. கையில் முனை வளைந்த கவ்வாத்துக் கத்தி.

கம்பைச் சாய்வாக, ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். வெட்டுவாய் வழவழப்பாக இருந்தால் ஓரத்துப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். மழுங்கிய கத்தியால் இரண்டு மூன்று தடவை கொத்தினால் கம்பு பிளக்கும், பட்டை உரியும். அந்தப் பிளவில் மழைத்தண்ணீர் தங்கிப் பூஞ்சணம் ஏறினால் உளுத்தல் அடித்தண்டு வரை இறங்கும். கத்தி நல்லதா என்று பார்க்கச் செடியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கத்தியை அடிக்கும் பட்டறைக்காரர்கள் பலருக்குப் பழைய லொறி ஸ்பிரிங் பட்டைதான் உருக்கு. அதில் கரி ஏறத்தாழ 0.6 சதவீதம். உருக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதுமல்ல. ஊவாவை அடுத்த சமனலவெவயில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை துருத்தியே இல்லாமல், கச்சான் என்னும் பருவக் காற்றை உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அப்படியொரு உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனையைத் தருவதும் அதே பருவக் காற்றுதான்.

இனித் துவைச்சல், அதாவது அடித்த கத்திக்கு உறுதி ஏற்றுவது. சுமார் 770 பாகை செல்சியஸில் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் உருக்கு இறுகும். அப்படியே விட்டால் நொறுங்கும். அதனால் தேய்த்து மினுக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். 220 பாகையைத் தாண்டினால் வைக்கோல் மஞ்சள் ஓடும், 300க்கு நீலம். வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்த கத்தி திரும்பி வந்தால், அடுத்ததைப் பழுப்போ ஊதாவோ ஏறும் வரை விட வேண்டும். வாய் மடங்கி வந்தால் மஞ்சளிலேயே நிறுத்த வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி மெல்லிதாகத் தீட்டினாலும் வாய் மடங்கும். ஆகவே தீட்டியது யார், எந்தக் கல்லில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. "கத்தி சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரால் கொல்லருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கத்தியின் தோலுறைக்கும் இதே கதைதான், பழுதைப் பார்த்துத்தான் திருத்தம். கத்தி வாய் உறையின் தையலை அறுத்தால், இரண்டு தோலுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு தோல் பட்டை வைத்துத் தைப்பார்கள். ஊவாப் பனியில் தோல் ஈரம் பிடிக்கும், உருக்கு துருவேறும். இரவில் கத்தியை உறையில் வைக்காமல் துடைத்து எண்ணெய் பூசி வெளியே வைப்பது நல்லது. வளைந்த முனை உறையில் சிக்கினால் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு வார் போட்டுக் கட்டலாம்.