பல்பம் தின்னத் தோன்றுகிறதா?

உங்கள் வகுப்பில் பல்பத்தையோ சாக்பீஸையோ கடித்துத் தின்னும் பிள்ளை யாராவது உண்டா? அம்மா அரிசி களையும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்பவர்? அவர்களைக் கேலி செய்யாதீர்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படியெல்லாம் ஆசை வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

பத்து வயதுக்கு மேல் நீங்கள் மளமளவென்று வளர்கிறீர்கள். உடம்பு வளர வளர ரத்தமும் கூட வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி உடம்பெங்கும் கொண்டுபோய் இறக்குகிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள்; ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு போதாவிட்டால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்; பாடத்தில் மனம் நிற்காது.

பையன்களுக்கு இந்த வயதில் தசை கூடுகிறது. தசைக்கும் இரும்பு வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குகிறது. 1 மில்லி ரத்தம் வெளியேறினால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 13 முதல் 15 வயதுப் பையன்களுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம், பெண்களுக்கு 30 மில்லிகிராம். வீட்டில் ஈரல் வறுவல் அண்ணன் தட்டுக்கே முதலில் போகிறதா? தங்கைக்குத்தான் இன்னும் அதிகம் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும். வயதான அணுக்களை மண்ணீரலும் ஈரலும் உடைத்து, இரும்பை வீணாக்காமல் எடுத்துப் புது அணுக்களுக்கு அனுப்புகின்றன. கறிக்கடையில் தட்டையாக, கருஞ்சிவப்பாக ஒன்று இருக்குமே, சுவரொட்டி, அது ஆட்டின் மண்ணீரல். இரும்பு அதில் ஏராளம். ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பாட்டி அதைத் தேடி வாங்கிச் சமைத்துக் கொடுப்பது நல்ல அறிவியல்தான்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு வகைகள் இருக்கின்றன. ஆனால் செடிகொடியில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் வைட்டமின் சி உதவியால் கூடுதலாக உறிஞ்சும். டீ அதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும், ஆகவே மதியச் சாப்பாடு முடிந்ததும் தண்ணீரோடு விழுங்குங்கள்.