பொதுத்தேர்வு இல்லாத ஓராண்டு

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாடு அரசு தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டபோது, அதிலிருந்த பல விஷயங்களுள் வீடுதோறும் பேசப்பட்டது, பதினோராம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு கிடையாது என்னும் ஒரே அறிவிப்புத்தான். பத்தாம் வகுப்பில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, நடுவிலே இன்னொன்று என்று மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் பொதுத்தேர்வுக் கூடத்துக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், எந்தக் குறையை நிவர்த்திக்க அந்தத் தேர்வு சில ஆண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டதோ அந்தக் குறை நீங்கிவிட்டதா என்று விசாரியாமல், பிளஸ் ஒன் என்பது பத்தாம் வகுப்பின் களைப்புத் தீர இளைப்பாறும் ஆண்டு என்று மாணவரும் பெற்றோரும் முடிவு கட்டிவிடுவார்களானால், அதன் பலனைப் பிளஸ் டூவில் மட்டுமல்ல, அதற்கு அப்பாலும், கல்லூரியின் முதல் பருவத்திலே அனுபவிக்க நேரும்.

இந்த வகுப்பின் சரித்திரம் சற்று விசித்திரமானது. 1978ஆம் ஆண்டு வரை நம் பள்ளிப்படிப்பு பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. என்ற பெயரில் முடிந்துவிடும். அதற்கு மேல் பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்பைக் கல்லூரியில் சேர்ந்துதான் படிக்கவேண்டும். அந்த ஆண்டில் புதிய முறை வந்து, மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இரண்டாண்டுப் படிப்பாக அமைந்தது. உத்தேசம் இரண்டாண்டுப் படிப்புத்தான். எனினும் பொதுத்தேர்வு இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் மட்டுமே நடந்ததாலும், தொழிற்கல்லூரி இடங்கள் பெரும்பாலும் அந்த ஒரு தேர்வின் மதிப்பெண்ணையே நம்பியிருந்ததாலும், பேர்பெற்ற பள்ளிகள் பல, பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குத் திறந்து மூடிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் திரும்பத் திரும்ப அரைத்து, ஊர் மெச்சும் மதிப்பெண்களை விளைவித்துக் காட்டின. அந்த மதிப்பெண்களோடு பொறியியல் கல்லூரிக்குப் போன மாணவர்களில் எத்தனையோ பேர் முதலாண்டுக் கணிதத்தில் இடறி விழுந்தபோது, அவர்களுடைய புத்தியைக் குறைகூறியவர்கள் உண்டே தவிர, அவர்களுக்கு ஓராண்டுப் பாடம் முழுவதுமாக மறுக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இதற்குப் பரிகாரமாகத்தான், 2017–18ஆம் கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று உத்தரவாகி, முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு இங்கே நடைமுறைக்கு வந்ததும் அந்த 2017இல்தான். நீட்டும், ஐ.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கான ஜே.இ.இ.யும் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினா எடுப்பவை. ஆகையால், ஒரு பாதியை விட்டுவிட்டு வந்தவன் பாதிப் போட்டியில் தோற்ற பிறகே தேர்வறைக்குள் நுழைகிறான். முதலில் இரண்டாண்டு மதிப்பெண்களையும் கூட்டி 1200 என்று சான்றிதழ் தருவதாக இருந்தது. அடுத்த ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மட்டுமே கணக்கு என்று மாற்றினார்கள். அப்படி மாற்றிய மறுகணமே, பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப்போகும் பழைய ஆசை மெல்லத் தலைதூக்கியது. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு: கொரோனா காரணமாக 2021இல் பிளஸ் டூ தேர்வே ரத்தாகி, பழைய மதிப்பெண்களைக்கொண்டு முடிவு வெளியிட நேர்ந்தபோது, பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடும் கொடுத்து, கணக்கிலேயே வராது என்று எல்லாரும் கைகழுவியிருந்த பிளஸ் ஒன்னுக்கு 20 விழுக்காடு கொடுத்தார்கள்.

ஆனால் மதிப்பெண் வருமா வராதா என்பது இந்த ஆண்டின் அருமையை அளக்கும் கோல் அன்று. புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருளடக்கத்தை மாத்திரம் படித்துப் பார்த்தால் போதும். நம் மாநிலப் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் அத்தியாயங்களில் நான்கு, ‘பயன்பாடுகள்’ என்றே முடிகின்றன: அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். எதனுடைய பயன்பாடுகள் என்று கேட்டால், அணியும் வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் இன்னவை என்று முதன்முதலாகச் சொல்லித்தரும் அத்தியாயங்கள் அத்தனையும் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கின்றன. பிளஸ் ஒன் முக்கோணவியல் மனத்தில் பதியாதவனுக்கு அடுத்த ஆண்டின் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் வெறும் சூத்திரக் குவியலாகவே தோன்றும். அவன் அவற்றை நெட்டுருப் போடுவான், தேர்வு முடிந்த மறுநாள் மறந்தும் போவான்.

கணிதத்துக்குச் சொன்னதே ஏனையவற்றுக்கும் பொருந்தும். இயற்பியலில், பிளஸ் டூவின் முதல் அலகே நிலை மின்னியல். அங்கே வரும் கூலூம் விதியும் மின்னழுத்தமும், முந்தைய ஆண்டில் நியூட்டனின் ஈர்ப்பு விதியையும் ஈர்ப்பழுத்தத்தையும் நிதானமாகக் கற்றவனுக்குப் பழகிய முகங்கள். தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்னும் அதே தத்துவம், நிறைக்குப் பதில் மின்னூட்டம், அவ்வளவே. அலைவுகளைக் கவனித்துப் படித்தவன் மாறுதிசை மின்னோட்டத்தைக் கண்டு கலங்கமாட்டான். வேதியியலில் மோல் கணக்கில் தடுமாறுகிறவன் ஒவ்வொரு அலகிலும் தடுமாறுவான். வேதிச்சமநிலை விளங்காமல் அயனிச்சமநிலை விளங்காது. கரிம வேதியியலின் அடிப்படைகளைச் சொல்லும் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்தவனுக்கு அடுத்த ஆண்டின் ஆல்கஹாலும் ஆல்டிஹைடும் காரணகாரியமில்லாத வினைகளின் நீண்ட ஜாபிதாவாகத்தான் தெரியும்.

வணிகவியல் பிரிவை எடுத்தவர்களின் நிலைமை இன்னும் ஒரு விதத்தில் நுட்பமானது. விஞ்ஞான மாணவனுக்காவது பத்தாம் வகுப்பில் ஓர் அறிவியல் புத்தகம் இருந்தது. கணக்குப்பதிவியல் என்னும் சாஸ்திரத்தையோ, பிளஸ் ஒன்னில் காலடி வைக்கும்வரை ஒருவரும் பார்த்ததில்லை. முதல் மாதத்தில் பற்று எது, வரவு எது என்று நிதானிப்பதற்குள் குறிப்பேடு வந்துவிடும். குறிப்பேட்டிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து இருப்பாய்வு, பிறகு துணை ஏடுகள், வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், கடைசியில் இறுதிக் கணக்குகள் என்று ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் பாடம் அது. ஜூலை மாதத்தில் ஒரு பதிவு ஏன் பற்றுப் பக்கத்தில் போகிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு வாயடைத்திருந்தவன், ஜனவரியில் இருப்பாய்வு ஒத்துப்போகாதபோது எந்த இடத்தில் பிசகியது என்று தேடியும் காணமாட்டான். கலைப்பிரிவிலும் தொழிற்பிரிவிலும் சேர்ந்தவர்களுக்குப் பிளஸ் ஒன் எளிது என்று சொல்வோர் சொல்லை நான் ஒப்புவதில்லை. பொருளியலின் தேவைக் கோட்டை ஒரு முறையாவது தன் கையால் வரைந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனிப் படிக்கும் முறைக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் பலித்த முறை இங்கே பலிக்காமல் போவதுதான், நன்றாகப் படித்துவந்த பிள்ளைகள் முதல் காலாண்டுத் தேர்வில் திகைத்து நிற்பதற்கு முதற்காரணம். அங்கே புத்தகத்தின் பின்பக்க வினாக்களையும், கைடில் அச்சிட்ட விடைகளையும் நான்கைந்து முறை வாசித்தால் ஒரு மதிப்பெண் வினாவும் ஐந்து மதிப்பெண் வினாவும் தாமாக வந்து கையில் விழுந்தன. இங்கே பாடத்தின் பருமனும் மிகுதி, ஆழமும் மிகுதி. வாசித்த பக்கம் கண்ணுக்குப் பழகியிருப்பதைப் புத்தி பிடித்துக்கொண்டது என்று மயங்குவது மிகவும் எளிது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர் 2006இல் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை ஒரு முறை படித்தபின் அதையே மறுபடியும் படித்த மாணவர்களும், மறுபடி படிக்காமல் நினைவுக்கு வந்ததைத் தாளில் எழுதிப் பார்த்த மாணவர்களும் அதிலே ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, எழுதிப் பார்த்தவர்களுக்கு நூற்றுக்கு 56 பங்கும், மறுபடி படித்தவர்களுக்கு 42 பங்கும்தான் நினைவிருந்தது. நாளைக் காலை வகுப்புத் தேர்வுக்காக இன்றிரவு வாசிப்பவன் தன் முறையே சிறந்தது என்று ஏன் நம்புகிறான் என்பதும், ஆண்டிறுதியில் அவன் ஏன் ஏமாறுகிறான் என்பதும் இந்த ஒரு பரிசோதனையிலேயே விளங்கிவிடுகின்றன.

ஆகவே நான் சிபாரிசு செய்வது இதுதான். வகுப்பில் அன்று நடந்த பாடத்தை அன்று மாலையே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதவேண்டும். எங்கே பேனா நின்றதோ அங்கேதான் சந்தேகம் இருக்கிறது, அதைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கவேண்டும். கணிதத்தில் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக்காட்டிய எடுத்துக்காட்டுக் கணக்கையே விடையைப் பாராமல் மறுபடி போடுவது, புதிதாகப் பத்துக் கணக்கின் விடைகளைக் கைடில் வாசிப்பதைவிடப் பயனுள்ளது. பிறர் சைக்கிள் ஓட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை காலம் பார்த்திருந்தாலும் சைக்கிள் வராது.

செய்முறை வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி ஊசல், சுரமானி, ஸ்டோக்ஸ் முறையில் பாகியல் எண் என்று பெயர் சொல்லி மேசைமேல் வைக்கப்படும் கருவிகளைத் தொடாமலே, முந்தைய ஆண்டு அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளைப் பெயர்த்தெழுதும் வழக்கம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் ஊசல் இருபது முறை ஆடிவர எத்தனை விநாடி ஆயிற்று என்று தன் கையால் நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கிப் பார்த்தவன் அலைவுகள் அத்தியாயத்தைப் படிக்கும்போது அடையும் சந்தோஷம் கிடைக்காது.

தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு காரியமும் உண்டு. கல்லூரியில் கால் வைத்ததும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறும்; அப்போது, விஷயம் தெரிந்தும் பெயர் தெரியாமல் கூனிக்குறுகிக் கடைசி பெஞ்சில் ஒதுங்குகிற கெட்டிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பாடநூல்களிலேயே கலைச்சொற்கள் இரு மொழியிலும் தொகுக்கப்பட்டிருக்கின்றன. எவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அத்தியாயத்துக்கு ஐந்தாறு சொற்களாக, முடுக்கம், உந்தம், விசை என்று எழுதிய இடத்துக்கு அருகிலேயே அவற்றின் ஆங்கிலப் பெயரையும் ஓரத்தில் பென்சிலால் எழுதிவந்தால், இரண்டாண்டில் அந்தப் பயம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பயிற்சி மையங்களைப் பற்றிக் கேட்பார்கள். நீட்டுக்கோ ஜே.இ.இ.க்கோ போக உண்மையிலேயே விருப்பமுள்ளவன், பிளஸ் ஒன்னின் தொடக்கத்திலிருந்தே என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றன்றைய பாடத்துக்குரிய வினாக்களைப் போட்டுப் பழகுவது நல்லது. நீட்டின் 180 வினாக்களுக்கு மூன்று மணி நேரத்தில் விடையளிக்கும் வேகம் கடைசி மூன்று மாதங்களில் வருவதன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது என்பதையும் அவர்கள் மறக்கலாகாது. ஆனால், அண்டை வீட்டுப் பையன் போகிறான் என்பதற்காக, விருப்பமில்லாத பிள்ளையைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஒரு மையத்துக்கும், மாலை டியூஷனுக்கும், இரவு இன்னொரு இடத்துக்கும் துரத்துகிற பெற்றோர், அவன் தானாக உட்கார்ந்து யோசிக்கும் ஒரு மணி நேரத்தையும் பறித்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எந்தப் பயிற்சியும் இல்லை. தூக்கமும் அப்படியே: இந்த வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் அபிப்பிராயம்.

எடுத்த பிரிவு ஒத்துவரவில்லை என்று தோன்றினால், அதை முதல் சில வாரங்களிலேயே தலைமையாசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும். உறவினர் என்ன நினைப்பார்கள் என்று முதல் குரூப்பிலேயே ஒட்டிக்கொண்டு, விருப்பமற்ற நான்கு பாடங்களோடு இரண்டாண்டு மல்லுக்கட்டுவதைவிட, ஜூன் மாதத்தில் ஒரு நாள் சங்கடப்படுவது மேல்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். ஏப்ரலில் ஆண்டுத்தேர்வு முடிந்ததும் பழைய புத்தகங்களைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுப்பதும், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதும் நம் வீடுகளில் சாதாரணம். பிளஸ் ஒன் புத்தகங்களை மட்டும் அப்படிச் செய்யவேண்டாம். பாடநூல் கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது என்பது உண்மைதான். தம்பிக்கு அது போதும். பிளஸ் டூவில் நவம்பர் மாதத்தில் ஒரு நாள் தொகையிடல் கணக்கு ஒன்று நடுவழியில் நின்றுவிடும்போது, ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு, எங்கே சந்தேகம் வந்து எங்கே தீர்ந்தது என்ற அடையாளங்களோடு இருக்கும் அந்தப் பழைய பிரதிதான் வேண்டியிருக்கும்.