பிறந்ததும் அழாத குழந்தை... யாரிடம், என்ன கேட்பது?

“பிறந்ததும் குழந்தை அழலை. தண்ணி குடிச்சிருச்சு. கொஞ்ச நாள் பெட்டியில வெச்சுப் பார்க்கணும்.” பிரசவ வார்டு வாசலில் நிற்கும் குடும்பங்களுக்குப் பல நேரம் கிடைக்கும் விளக்கம் இவ்வளவுதான். ஆறேழு மாதமாகியும் கழுத்து நிற்காதபோது சந்தேகம் வருகிறது. ‘மூளை முடக்குவாதம்’ என்ற பெயர் காதில் விழும்போது பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று வீட்டில் ஒரு தரப்பு சொல்லும். ‘டாக்டர்தான் கெடுத்தார்’ என்று இன்னொரு தரப்பு கொதிக்கும். பிரசவ அறையில் என்ன நடந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்குக் கெடுவும் இருக்கிறது.

மூளைக்கு என்ன ஆகிறது?

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தொப்புள்கொடி அழுந்துவது, கருப்பை கிழிவது, குழந்தை நெடுநேரம் பிறப்புவழியில் சிக்கிக்கொள்வது... இவற்றில் எது நேர்ந்தாலும் மூளைக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் குறையலாம். பிறந்த பிறகு வரும் கடும் மஞ்சள் காமாலை, சர்க்கரை அளவு வீழ்ச்சி, தொற்று ஆகியவையும் மூளையைத் தாக்கக்கூடும்.

பிறந்த ஒன்றாவது, ஐந்தாவது நிமிடங்களில் நிறம், இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை ஆகியவற்றைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1952-ல் வகுத்த முறை இது. மதிப்பெண் குறைந்ததாலேயே மூளை பாதித்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. முதல் நாள்களில் வந்த வலிப்பு, பால் உறிஞ்ச முடியாமை, துவண்ட உடல், தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரசவம்தான் காரணமா என்ற விவாதம் பழையது. பிரசவச் சிக்கலே மூளை முடக்குவாதத்துக்குக் காரணம் என்று 19-ம் நூற்றாண்டில் வாதிட்டார் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில். கருவிலேயே கோளாறு இருந்ததால்கூடப் பிரசவம் சிக்கலாகியிருக்கலாமே என்று 1897-ல் எழுதினார், அப்போது நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு. குறைமாதப் பிறப்பு, கருவில் தொற்று, மரபணு எனப் பல காரணங்கள் உண்டு என்பது பின்னர் தெளிவானது.

சிகிச்சையிலும் அவசர முடிவுக்கு வரக் கூடாது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தைச் சுமார் 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் வைத்திருக்கும் முறை மேலைநாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021-ல் வெளியான ‘ஹீலிக்ஸ்’ ஆய்விலோ பலன் தெரியவில்லை. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்புதான் கூடியது. ‘குளிர்விக்கவில்லை’ என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. பிரசவம் நகர்ந்த விதத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, வலியைத் தூண்ட மருந்து ஏற்றிய நேரமும் அளவும், சிசேரியனுக்கு முடிவெடுத்த நேரம், குழந்தையை வெளியே எடுத்த நேரம், மூச்சை மீட்கச் செய்தவை, தீவிர சிகிச்சைப் பிரிவின் கேஸ் ஷீட் ஆகிய எல்லாவற்றின் நகலும் வேண்டும். இதயத்துடிப்பு தளர்ந்தது எப்போது, யார் பார்த்தார்கள், அடுத்து என்ன செய்தார்கள் என்பது இவற்றிலிருந்துதான் தெரியும்.

உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். எழுத்தில் கேட்டு ஒப்புகை வாங்குங்கள். அரசு மருத்துவமனையிடம் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

எங்கே முறையிடுவது?

மோசமான முடிவு நேர்ந்ததாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அவர் மீது கிரிமினல் வழக்குத் தொடர அப்பட்டமான அலட்சியம் வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லிவிட்டது. இழப்பீடு கேட்பது வேறு வழி. கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995-ம் ஆண்டுத் தீர்ப்பு. அங்கே உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

தீர்ப்புக்குக் காத்திருக்காதீர்கள்

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, உரிய நேரத்தில் விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை பறிபோனது. ஒரு கோடியே 80 லட்சம் ரூபாய் அளவுக்கு இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2015-ல். அப்போது அவருக்கு 18 வயது.

குழந்தையின் மூளை அத்தனை காலம் காத்திருக்காது. பயிற்சிக்கு அது நன்றாக இணங்குவது முதல் சில ஆண்டுகளில்தான். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை உடனே தொடங்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடும் வழக்கு இல்லாமலே கிடைப்பவை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை, பதிவுகளை வேறொரு மருத்துவரிடம் காட்டிய பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். பதிவுகளைக் கேட்பதையும் பயிற்சியைத் தொடங்குவதையும் இந்த வாரமே செய்ய வேண்டும்.