குளத்துச் சேற்றில் ஒரு பாலாமை

கோடை முற்றியதும் கடையநல்லூர்ப் பக்கத்துக் குளங்கள் பாளம் பாளமாக வெடித்துவிடும். மழை பெய்து, கருப்பாநதி அணையில் தண்ணீர் சேரும்வரை அங்கே உயிர் எதுவும் இருக்காது என்றே நினைப்போம். ஆனால் அடிச்சேற்றில் ஈரம் மிஞ்சியிருக்கும் ஆழத்தில் பாலாமை புதைந்து கிடக்கும். இரை எடுக்காது, உடலின் வேலைகளையெல்லாம் குறைத்துக்கொண்டு, சேர்த்துவைத்த கொழுப்பில் காலம் தள்ளும்.

இந்தியா முழுக்கப் பரவலாக உள்ள நன்னீர் ஆமை இது. இலங்கையில் இருப்பது இதன் நெருங்கிய உறவான தனி இனம். ஓட்டின் மேல் கெட்டியான தகடுகள் கிடையாது, மழமழவென்ற தோல்தான். ஒன்றேகால் அடி நீளம்வரை வளரும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தின் பின்பாதியில் இரண்டு தோல் மடல்கள் தெரியும். பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அவை கதவுபோல மூடிக்கொள்ளும். மற்ற மென்னோட்டு ஆமைகள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. முகத்தில் குழல்போல் நீண்ட மூக்கு. உடலைச் சேற்றில் மறைத்துக்கொண்டு மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு மேலே நீட்டிச் சுவாசிக்கும். தோல் வழியாகவும் தொண்டையின் உட்சவ்வு வழியாகவும் நீரிலுள்ள ஆக்சிஜனைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

என்னை அதிகம் வியக்கவைப்பது முட்டைதான். கரையோர மண்ணைத் தோண்டி உருண்டையான, கெட்டியான முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் தாய் போய்விடும். உள்ளே கரு உடனே வளராது. தொடக்க நிலையிலேயே நின்று, பருவம் மாறிய பிறகே வளர்ச்சியைத் தொடரும்.

தவளை, நத்தை, மீன், செத்த பிராணி, நீர்ச்செடி என்று எதையும் தின்னும். குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு. அப்படியிருந்தும் கறிக்காகப் பிடித்துத் தீர்க்கிறோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதும் குற்றம். காயம்பட்ட ஆமையை வனத்துறையிடம் ஒப்படைப்பதே சரி. மீட்பு மையங்களிலும் வெறும் சிமென்ட் தொட்டி இதற்கு ஆகாது. அடிவயிற்றுத் தோல் உராய்ந்து புண்ணாகும். அழுக்குத் தண்ணீரில் அந்தப் புண் சீழ் வைக்கும். புதைந்துகொள்ள நைஸ் மணலும் அடிக்கடி மாற்றிய தண்ணீரும் வேண்டும்.

வண்டல் அள்ளும்போது ஜேசிபி வாளியில் ஆமை வந்தால், ஓட்டின் பின்பக்கமாக இரு கைகளாலும் பிடியுங்கள். கழுத்து எதிர்பார்ப்பதைவிட நீளும், கடி பலமாக இருக்கும். அதே குளத்தில் தோண்டாத, ஈரமான ஓரத்தில் விட்டுவிடுங்கள். புண்ணியம் என்று கோயில் தெப்பக்குளத்தில் கொண்டுபோய் விடவேண்டாம். சுற்றிலும் கற்படிகளாக இருக்கும் இடத்தில் முட்டையிட மண் கிடைக்காது.