கீறாமல் காணும் கலை

நுழையும்முன்

உடலின் எல்லையில் நின்று நம்மைக் காக்கும் செல்களைக் காண, நெடுங்காலம் தோலைக் கீறி எடுப்பதே வழியாக இருந்தது. கத்தியின்றி, சாயமின்றி, ஒளியைக் கொண்டே அவற்றைக் காணும் முறையை இன்றைய அறிவியல் கண்டிருக்கிறது. அதன் வழியையும் வரம்பையும் இப்பாடம் விளக்குகிறது.

எல்லைக் காவலர்கள்

வளர்ந்த மனிதரின் தோல் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்புடையது. அதன் மேல்தோலில் வாழும் லாங்கர்ஹான்ஸ் செல்கள், கிளைகளை நீட்டி அயற்பொருள்களைப் பற்றுகின்றன. அவற்றின் அடையாளத்தை நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அடித்தோலில் உள்ள மேக்ரோபேஜ்கள் கிருமிகளையும் சிதைந்த செல்களையும் விழுங்குகின்றன. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமைனை வெளியிட, ஒவ்வாமையின் அரிப்பும் தடிப்பும் தோன்றுகின்றன.

வடிவம் காட்டிய மயக்கம்

1868ஆம் ஆண்டு, பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோல் துண்டுகளைத் தங்கக் குளோரைடால் நிறமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மேல்தோலில் கிளைத்த செல்களைக் கண்ட அவர், கிளைகளின் தோற்றத்தால் அவற்றை நரம்புச் செல்கள் எனக் கருதினார். அவை நோய் எதிர்ப்புப் பணியைச் செய்வன என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டு கடந்தது. உயிரற்ற துண்டு, செல்லின் வடிவத்தைக் காட்டியது. அதன் தொழிலைக் காட்டவில்லை.

திசுவை வெட்டி எடுக்கும் பயாப்சி முறைக்கு வேறு குறைகளும் உண்டு. அது வலியும் வடுவும் தருகிறது. வெட்டிய காயமே அங்குள்ள காவல் செல்களைத் தூண்டிவிடுகிறது. வெட்டி எடுத்த இடத்தை மறுநாள் மீண்டும் காண வழியில்லை.

ஒளி செல்லும் வழி

1957இல் மார்வின் மின்ஸ்கி காப்புரிமைக்கு விண்ணப்பித்த கன்போகல் நுண்ணோக்கி, குவியத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் நுண்துளை வழியே ஏற்று, ஏனைய ஒளியைத் தடுக்கிறது. 1990களில் இம்முறை உயிருள்ள மனிதத் தோலைக் காணவும் பயன்பட்டது. திசு எதிரொளிக்கும் லேசர் ஒளியே இதில் படிமமாகிறது. ஆயினும், லாங்கர்ஹான்ஸ் செல்களும் கிளைத்த மெலனின் செல்களும் இதில் ஒன்றுபோல் வெண்மையாகத் தோன்றுவதுண்டு. காவல் செல்லைப் புற்றுச்செல்லென மயங்க இஃது இடந்தருகிறது.

மற்றொரு வழி, இரு ஃபோட்டான் நுண்ணோக்கி. இரண்டு ஃபோட்டான்களை ஒரு மூலக்கூறு ஒரே நேரத்தில் உட்கவர இயலும் என்று மரியா கெப்பர்ட் 1931இல் கோட்பாட்டளவில் நிறுவினார். அதனை நுண்ணோக்கியில் பயன்படுத்தும் முறையை, கார்னெல் பல்கலைக்கழகத்தின் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் ஆகியோர் 1990இல் வெளியிட்டனர். திசுவுக்குள் ஆழ்ந்து செல்லும் அகச்சிவப்பு ஒளி, குவியப்புள்ளியில் மட்டுமே மூலக்கூறுகளை ஒளிரச் செய்கிறது. செல்லின் ஆற்றல் மாற்றத்தில் பங்குகொள்ளும் என்.ஏ.டி.எச். போன்ற மூலக்கூறுகள் இயல்பாகவே ஒளிர்வதால், சாயம் ஏற்ற வேண்டியதில்லை.

ஒளிர்வின் ஆயுள்

பல செல்கள் ஒரே நிறத்தில் ஒளிர்ந்தால் எவ்வாறு பிரித்தறிவது? கோயில் மணியின் நாதம் நெடிது நீள்கிறது. கைமணியின் ஒலி விரைவில் அடங்குகிறது. அதுபோலவே, தூண்டிய பின் ஒளிர்வு அடங்கும் நேரமும் மூலக்கூறுக்கும் அதன் சூழலுக்கும் ஏற்ப வேறுபடுகிறது. வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலான அந்த நேரத்தைக் கருவி அளக்கிறது.

லாங்கர்ஹான்ஸ் பயின்ற அதே பெர்லினில், சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் இம்முறையால் 2020இல் மாஸ்ட் செல்களையும், 2022இல் மேக்ரோபேஜ்களையும் உயிருள்ள மனிதத் தோலில் இனங்கண்டு வெளியிட்டனர். அழற்சியைத் தூண்டும் மேக்ரோபேஜையும் தணிக்கும் மேக்ரோபேஜையும் ஒளிர்வின் ஆயுளே பிரித்துக் காட்டியது. வடிவத்தோடு, செல்லின் நிலையும் இங்குப் புலப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்
கணையத்தில் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளும் இவர் பெயரையே தாங்கியுள்ளன. அவற்றை 1869இல் தம் ஆய்வேட்டில் விவரித்தார்.

வரம்பும் பயனும்

ஒளி சிதறுவதால், இக்கருவிகள் தோலில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி ஆழமே காண்கின்றன. ஒருமுறை காணும் பரப்பும் சிறிது. ஆகவே, புற்றுநோயை உறுதிசெய்யப் பயாப்சி இன்றும் தேவைப்படுகிறது. ஆனால், மருந்து இடுமுன் கண்ட அதே இடத்தை, இட்ட பின்னும் காண இம்முறை உதவுகிறது. தோலைக் காயப்படுத்தாமல் காணும்போதுதான், காயத்தால் கலங்காத காவல் செல்களின் இயல்பு நமக்குத் தெரியவரும்.