உங்கள் விளையாட்டு ஏன் ஓடவில்லை? விடை தேடும் கலை

கணினி விளையாட்டு ஒன்றைச் சொந்தமாக உருவாக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா? அதற்கு இன்று பெரிய செலவு இல்லை. 'கோடோ' என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கி, வீட்டில் இருக்கும் மடிக்கணினியிலேயே தொடங்கலாம். பள்ளியில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாவிட்டாலும் இயங்கலையில் தேடிப் படிக்கலாம்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தேடிக் கிடைத்த நிரலை அப்படியே ஒட்டுகிறோம். கதாபாத்திரம் அசைய மறுக்கிறது. திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வருகிறது. வேறொரு விடையைத் தேடி ஒட்டுகிறோம். இப்போது இரண்டு பிழைகள்! மூன்றாம் நாள், "நமக்கு இதெல்லாம் வராது" என்று மூடி வைத்துவிடுகிறோம். மாணவர்களே, பெரும்பாலும் குறை உங்கள் திறமையில் இல்லை. தேடும் முறையைச் சற்று மாற்றிப் பாருங்கள்.

விடைக்கும் வயது உண்டு

கோடோ, அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கிய மென்பொருள். 2014-இல் அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2023 மார்ச்சில் அதன் 4-ஆம் பதிப்பு வந்தபோது பல பெயர்கள் மாறின. நடமாடும் கதாபாத்திரத்துக்கு மூன்றாம் பதிப்பில் 'கைனமேட்டிக்பாடி2டி' என்று பெயர். நான்காம் பதிப்பில் அது 'கேரக்டர்பாடி2டி' ஆனது. கதாபாத்திரத்தை நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைட்' கட்டளைக்கு முன்பு அடைப்புக்குறிக்குள் வேகத்தைக் கொடுக்க வேண்டும். இப்போது அடைப்புக்குறி காலியாக இருக்க வேண்டும். வேகத்தை முன்கூட்டியே தனியாகக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

ஆகவே 2020-இல் எழுதப்பட்ட விடை அன்றைக்குச் சரி. இன்று உங்கள் கணினியில் அது ஓடாது. தேடும்போது மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். விடையைப் படிக்கும் முன் அது எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் இதே கவனம் தேவை. அதுவும் பழைய பெயரையும் புதிய பெயரையும் கலந்து தரக்கூடும்.

சிவப்பு எழுத்தைப் படியுங்கள்

'என் விளையாட்டு வேலை செய்யவில்லை' என்று தேடினால் ஆயிரம் பக்கங்கள் வரும், ஒன்றும் உதவாது. பிழைச்செய்தியில் இரண்டு தகவல்கள் இருக்கும்: எந்த வரியில் தவறு, என்ன தவறு. மேலே சொன்ன பழைய நிரலை நான்காம் பதிப்பில் ஒட்டினால், 'தேவைக்கு அதிகமான மதிப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன' என்ற பொருளில் செய்தி வரும். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அந்தச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். அதில் நீங்களே சூட்டிய கோப்புப் பெயர் இருந்தால் மட்டும் நீக்கிவிடுங்கள். அந்தப் பெயர் உலகில் வேறு யாரிடமும் இருக்காது அல்லவா?

இயற்பியல் புத்தகமே நீதிபதி

ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று வேகத்தை 'டெல்டா'வால் பெருக்கச் சொல்கிறது. மற்றொன்று வேண்டாம் என்கிறது. எதை நம்புவது?

திரை ஒரு நொடிக்கு 60 படங்களைக் காட்டுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் கதாபாத்திரம் 5 பிக்சல் நகர்ந்தால், ஒரு நொடியில் 300 பிக்சல். அதே விளையாட்டு 30 படங்கள் மட்டுமே காட்டும் மெதுவான கணினியில் ஓடினால் 150 பிக்சல்தான். பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நீங்கள் நொடிக்கு எத்தனை முறை பார்த்தாலும் அதன் வேகம் மாறாது. விளையாட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்வதுதான் டெல்டா. முந்தைய படத்திலிருந்து இந்தப் படம் வரை கடந்த நேரம் அது, அலகு நொடி. தூரம் = வேகம் × நேரம். 300-ஐ 1/60-ஆல் பெருக்கினால் 5 பிக்சல். 1/30-ஆல் பெருக்கினால் 10 பிக்சல். இரண்டு கணினியிலும் ஒரு நொடிக்கு 300 பிக்சல்தான்.

ஆனால் 'மூவ் அண்ட் ஸ்லைட்' இந்தப் பெருக்கலைத் தானே செய்துகொள்கிறது. அதற்கு வேகத்தை மட்டுமே கொடுக்க வேண்டும். நீங்களும் ஒருமுறை பெருக்கிவிட்டால் 300 வெறும் 5 ஆகிவிடும்; கதாபாத்திரம் நத்தையாக ஊரும். ஈர்ப்பு விசையின் கதை வேறு. அது முடுக்கம். முடுக்கத்தை நேரத்தால் பெருக்கினால்தான் வேகத்தின் மாற்றம் கிடைக்கும். ஆகவே அங்கே டெல்டா வேண்டும். இரண்டு விடைகளும் அவற்றுக்குரிய இடத்தில் சரியானவையே. எது எங்கே பொருந்தும் என்பதை அலகு சொல்லிவிடும்.

1978-இல் ஜப்பானியர் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் இந்த வேக மாற்றம் ஒரு சுவையாகவே மாறியது. அதில் இன்டெல் 8080 சில்லு இருந்தது. (அந்நிறுவனம் 1972-லேயே நம் பினாங்கில் ஆலை திறந்துவிட்டது!) 55 எதிரிகளில் சிலர் சுடப்பட்டதும் சில்லின் வேலை குறைந்தது, மிஞ்சியவர்கள் வேகமாக நகர்ந்தார்கள். விறுவிறுப்பாக இருந்ததால் நிஷிகாதோ அதை அப்படியே விட்டுவிட்டார். காரணம் தெரிந்தவருக்குத்தான் எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க முடியும்.

கிழிந்த சமையல் குறிப்பு

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் பக்கங்கள் சிதைந்திருக்கின்றன. விடுபட்ட வரியை யோசித்து, இட்லி முதலான உணவுகளைச் சமைத்துப் பார்க்க வேண்டும். 2024-இல் இவ்விளையாட்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

இயங்கலை விடைகளும் அப்படிப்பட்ட குறிப்பேடுதான். விடுபட்டதை நீங்கள் நிரப்பிச் சமைத்தால்தான் அது உங்கள் உணவு.

இவ்வாரச் சோதனை

கோடோவில் ஒரு படத்தை, ஒவ்வொரு திரைப்படத்துக்கும் 5 பிக்சல் வீதம் நகர்த்துங்கள். நொடிக்கு 60 படங்கள், பிறகு 30 படங்கள் என்று வரம்பிட்டு, 600 பிக்சல் கடக்கும் நேரத்தை அளவிடுங்கள். சுமார் 2 நொடியும் 4 நொடியும் வரும். பிறகு 5-க்குப் பதிலாக 300 × டெல்டா என்று எழுதி மீண்டும் அளந்து பாருங்கள். என்ன வரும் என்பதை முதலில் காகிதத்தில் கணித்து எழுதிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.