கப்பல் கணக்கும் கால்வாய்க் கணக்கும்

2017 நவம்பர் 4-ஆம் தேதி பெய்த மழையில் பினாங்கு மாநிலமே மூழ்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்துபோனார்கள். வெள்ள இரவில் மாநில அரசு இராணுவத்தைத்தான் உதவிக்கு அழைத்தது. ஆகவே படையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலாக்கா நீரிணைக்குக் காவல் தேவை. அந்தக் காவலுக்கென்று கொடுத்த பணம் என்ன ஆனது என்பதே என் கேள்வி.

லூமுட் கப்பல் தளத்தில் ஆறு போர்க்கப்பல்கள் கட்ட, திறந்த டெண்டர் இல்லாமலே சுமார் 900 கோடி ரிங்கிட்டுக்குக் கூட்டரசு ஒப்பந்தம் கொடுத்தது. முதல் கப்பல் 2019-இல் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 608 கோடி கொடுத்தாகிவிட்டது; ஒரு கப்பல்கூட வரவில்லை. அந்தப் பணத்தில் 40 கோடி, பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் போயிருந்தது. பிறகு கப்பல்களை ஐந்தாகக் குறைத்தார்கள். செலவோ 1,120 கோடியைத் தாண்டியது. கடலில் நிற்கும் நம் மாலுமிகளும் இதில் ஏமாந்தவர்களே.

கப்பல் கணக்கு அப்படி. இங்கே பினாங்கில், சுங்கை பினாங்கு ஆற்றை ஒட்டிய ஜாலான் பி. ரம்லியில் ஒவ்வொரு கனமழைக்கும் வீட்டுச் சாமான்களை மேலே தூக்கி வைக்கிறார்கள். புகார் செய்தால் அலைக்கழிப்புதான். ஏனென்றால் பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. நிலம் மாநிலத்தின் கையில். பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்குக் கூட்டரசின் பணம் வர வேண்டும். தெருக் கால்வாய் (லோங்காங்) மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அதனால் புகாரை எழுத்தில் கொடுங்கள், படம், தேதி, புகார் எண் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நகல் ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கும் போகட்டும்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. மாநில அரசின் ஆவணங்களை விண்ணப்பித்துக் கேட்கலாம். கூட்டரசு ஆவணங்களுக்கு அது செல்லாது. பாதுகாப்புச் செலவைக் கேட்டால் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை யாரும் படிக்கக்கூடியது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைவுத் திட்டங்கள் பொதுப் பார்வைக்கு வரும்போது ஆட்சேபம் எழுதித் தரலாம். குன்று வெட்டப்படுவதற்கு முன் பேசக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு அது.

லஞ்சம் நடந்ததற்கு ஆதாரம் இருந்தால், அதை முகநூலில் போட்டுவிடாதீர்கள். 2010-ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் முறைப்படி சொல்பவரைத்தான் காக்கும்.

இன்னொன்று: சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது, கார் காப்புறுதியிலும் அப்படியே. கூடுதல் பிரீமியம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

கூட்டரசு பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. அதற்குள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: கப்பல் எப்போது வரும்? எங்கள் ஆற்றுக்கு எவ்வளவு? பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.